குளவிக் கூடும் மனிதர் வீடும்

தமிழகத்துத் தொன்மையான திருத்தலங்களுள் திருவண்ணாமலை ஒன்றாகும். அங்கே அருணாசலேசுவரர் திருக்கோயிலின் கீழைக் கோபுரம் 11 நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கின்றது. கோயிலுக்குப் பின்னே 2,600 அடிக்கு மேல் ஓங்கிய மலை காட்சி தருகின்றது. முழுநிலவு நாள்தோறும் மக்கள் திரள்திரளாக வந்து, 14 கிலோமீட்டர் தொலைவுள்ள மலைப்பாதையை வெறுங்காலுடன் வலம் வருவர். கார்த்திகைத் திங்களில் மலையுச்சியில் ஏற்றப்படும் தீபம் சுற்றுப்புற ஊர்களிலெல்லாம் தோன்றும்.

அம்மலையில் குகைகளும் சுனைகளும் உள. அடர்ந்த புதர்களும் பாறை இடுக்குகளும் உள. ஆதலின் அது மனிதர் வழிபடும் மலை மட்டுமன்று. எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கும் இல்லமுமாகும். குரங்கும் மயிலும் அங்கே வாழ்கின்றன. பாம்பும் குளவியும் அங்கே வாழ்கின்றன. மனிதர் மலைக்குச் செல்லும்போது குளவியின் வீட்டு வாயிலை மிதித்துவிடுவதும் உண்டு. குளவி ஊருக்குள் வரும்போது மனிதர் வீட்டில் நுழைந்துவிடுவதும் உண்டு. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மனிதர் எவ்வாறு நடந்துகொள்ளல் வேண்டும் என்பது அறியத்தக்க செய்தியாகும். சிலருக்கு அது உயிரைக் காக்கும் செய்தியுமாகும்.

இரமண மகரிசி 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தார். தம் பதினாறாம் அகவையில், 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். 1950இல் மறையும் வரையில் அவர் அவ்வூரைவிட்டு அகலவில்லை. 1899 முதல் 1916 வரை அவர் மலைமீதுள்ள விரூபாட்ச குகையில் தங்கினார். அந்நாட்களில் மலையின் பல பகுதிகளிலும் தனியே சுற்றித் திரிவது அவர் வழக்கம்.

ஒருநாள் அவர் மலையின் வடபால் நீர் வற்றிய ஓடை வழியே சென்றுகொண்டிருந்தார். வழியில் ஆலிலை ஒன்று கிடந்தது. உணவு படைத்து உண்ணும் அளவிற்கு அது பெரிதாக இருந்தது. இத்துணைப் பெரிய இலையையுடைய மரம் எத்தகையதோ என அறியும் ஆவலால் அவர் மேலும் நடந்தார். செங்குத்தான பாறையொன்றின்மேல் மாபெரும் ஆலமரம் தழைத்து நிற்பது சற்றுத் தொலைவில் தெரிந்தது. அதனை நெருங்கும்போது அவருடைய கால் ஒரு புதரில் பட்டது. அப்புதருக்குள் குளவிக் கூடு ஒன்று மறைந்திருந்தது. கூடு கலையவே, குளவிகள் கூட்டமாகச் சீறியெழுந்து அவருடைய காலைச் சூழ்ந்து கொட்டின.

அவர் ஓடவில்லை, குளவிகளை அடிக்கவுமில்லை. அவற்றின் இல்லத்தைக் குலைத்த கால் அதற்குரிய தண்டனையைப் பெறட்டும் என்று கருதி, குளவிகளின் சினம் தணியும்வரை அசையாமல் நின்றார். கூட்டில் பட்ட கால் ஒழிய மற்றொரு காலை அவை தீண்டவில்லை என்று பின்னாளில் அவரே கூறியிருக்கின்றார். கால் பெரிதும் வீங்கிவிட்டது. வலியோடு மெல்ல நடந்தே அவர் மலையிலிருந்த அன்பர்களை வந்து சேர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து, “அறியாமல் நேர்ந்த பிழைக்கு இவ்வளவு இரங்குவது ஏன்?” என்னும் கருத்தமைய முருகனார் அவரை வினவினார். அறியாமல் செய்ததேயாயினும், ஓர் உயிரின் உறைவிடம் அழிந்ததற்கு வருந்தாத உள்ளம் நல்லுள்ளம் ஆகாது என்னும் பொருள்பட இரமணர் ஒரு செய்யுளால் விடையிறுத்தார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. குளவி வன்மத்தால் கொட்டுவதில்லை. தன் குடியைக் காக்கவே கொட்டுகின்றது என்பது முதல் உண்மை. இரமணரின் உடல் அந்நஞ்சைத் தாங்கிற்று. ஆயின் எல்லார் உடலும் அவ்வாறு தாங்குவதில்லை என்பது இரண்டாம் உண்மை. ஒரேயொரு குளவி ஒருமுறை கொட்டினாலும் உயிருக்கு இறுதி நேரக்கூடிய உடல்வாகு சிலருக்கு உண்டு. அத்தகையோர் அம்முனிவரின் இரக்கத்தைப் போற்றலாம். கொட்டும் குளவிகளின் நடுவே நின்ற அவர் செயலைப் பின்பற்றுதல் கூடாது. குளவியின் இயல்பையும் தம் உடலின் இயல்பையும் அறிந்து முன்னேற்பாட்டுடன் இருத்தலே அவர்கள் செய்யத்தக்கது.

குளவிகளில் பல வகை உண்டு. வீட்டுச் சுவர் மூலையிலும் சன்னல் சட்டத்திலும் ஈரமண்ணை உருட்டிக்கொண்டு வந்து கூடு கட்டும் குளவியை அறியாதார் இலர். அது வீட்டில் கூடு கட்டினால் அங்கே குழந்தை பிறக்கும் என்று கூறும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உண்டு. அது தனித்து வாழும் இனம். புழுவையோ சிலந்தியையோ கொட்டி அசைவற்றதாக்கிக் கூட்டிலிட்டு, அதன்மேல் முட்டையிட்டு, வாயிலை மண்ணால் மூடிவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு அவ்வுணவைத் தின்று வளர்ந்து, குளவியாகி, மண்ணைத் துளைத்து வெளியேறும். இதனை உணராத முன்னோர், கொட்டக் கொட்டப் புழுவே குளவியாகிவிட்டது எனக் கருதிப் பழமொழியும் வழங்கினர். இம்மண்குளவி காவற்படை வைத்துக்கொள்வதில்லை. கையில் பிடித்து நசுக்கினாலன்றிப் பெரும்பாலும் அது மனிதரைக் கொட்டுவதில்லை.

கூட்டமாக வாழும் பெருங்குளவியே அஞ்சத்தக்கது. அதனைச் சில ஊரார் கதண்டு என்பர். தென்பாண்டி நாட்டார் கடந்தை என்பர். கதம்ப வண்டு என்றும் விடவண்டு என்றும் கூறுவாரும் உளர். கருத்த உடலும், வயிற்றைச் சுற்றி மஞ்சள் நிறப் பட்டையும் கொண்ட இனங்கள் தென்னாட்டிலும் இலங்கையிலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. பனையிலும் தென்னையிலும், மரப்பொந்திலும், பாழடைந்த கட்டடத்திலும், சில வேளைகளில் வீட்டுக் கூரையின் அடியிலும் அவை கூடு கட்டும். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்த் தொழிலாளர் குளவி கொட்டி மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும், சிலர் உயிரிழப்பதும் அடிக்கடி நேரும் துயரங்களாகும்.

இப்பெருங்குளவியின் கூடு வியப்பிற்குரிய கட்டடமாகும். அது மரநாரைச் சுரண்டியெடுத்து, வாயில் மென்று, உமிழ்நீருடன் குழைத்துத் தாள்போல மெல்லிதாக்கி, அறுகோண அறைகளை அமைக்கின்றது. கந்தைத் துணியைக் கூழாக்கித் தாள் செய்துவந்த காலத்தில், பிரெஞ்சு நாட்டு அறிஞர் ரியோமூர் இக்கூட்டைக் கண்டார். மரத்திலிருந்தும் தாள் செய்யலாம் என்பதைக் குளவிகள் காட்டுகின்றன என்று 1719ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்தார். மேலும், பயிரைத் தின்னும் புழுக்களையும் ஈக்களையும் வேட்டையாடித் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதால், குளவி உழவர்க்கும் உதவுகின்றது. ஆகவே, குளவியை அறவே ஒழிக்க முயல்வது அறிவுடைமையாகாது. அதனை அதன் இடத்தில் வாழவிட்டு, மனிதர் தம் இடத்தைக் காத்துக்கொள்வதே முறையாகும்.

தேனீயின் கொடுக்கில் முட்கள் உண்டு. அது கொட்டியவுடன் கொடுக்கு தோலில் சிக்கி அறுந்துவிடும், தேனீயும் இறந்துபடும். குளவியின் கொடுக்கோ வழவழப்பானது. ஆதலின் ஒரு குளவி பல முறை கொட்ட வல்லது. கூட்டின் அருகே ஒரு குளவியை நசுக்கினால், அதன் நஞ்சிலிருந்து எழும் மணம் மற்றக் குளவிகளுக்குப் போர்முரசு போன்றதாகும். அம்மணத்தை உணர்ந்த கூட்டம் முழுவதும் சீறி வரும். “குளவிக் கூட்டில் கல்லெறிந்தாற்போல” என்னும் உவமை பட்டறிவில் பிறந்ததேயாகும்.

குளவி கொட்டிய இடத்தில் கடுப்பும் சிவப்பும் வீக்கமும் தோன்றுதல் இயல்பு. இவை சில மணி நேரத்திலோ சில நாளிலோ தணிந்துவிடும். கை முழுவதும், கால் முழுவதும் வீங்கினாலும், வீக்கம் கொட்டிய உறுப்போடு நின்றுவிடுமாயின் பெரும்பாலும் உயிருக்குக் கேடில்லை. நூற்றுக்கணக்கான குளவிகள் ஒருவரைக் கொட்டினால், நஞ்சின் மிகுதியே சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளைக் கெடுக்கும். அத்தகையோர்க்கு மருத்துவமனைச் சிகிச்சை இன்றியமையாதது. இவ்விரண்டிலும் வேறானது ஒவ்வாமை. அதில் நஞ்சின் அளவு பெரிதன்று. அந்நஞ்சைக் கண்டு உடல் கொள்ளும் அளவிறந்த கலக்கமே பெரிது.

அக்கலக்கத்தை முதன்முதல் ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியோர் பிரெஞ்சு அறிஞர்களான ரிசே, போர்த்தியே என்னும் இருவராவர். 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் பயணம் செய்தபோது, கடல்வாழ் உயிர்களின் நஞ்சை அவர்கள் ஆராயத் தொடங்கினர். நாடு திரும்பியபின் நெப்டியூன் என்னும் நாய்க்குக் கடற்சாமந்தி என்னும் உயிரின் நஞ்சைச் சிறிதளவு செலுத்தினர். நாய் நோயுறவில்லை. 22 நாள் கழித்து அதே அளவு நஞ்சை மீண்டும் செலுத்தினர். சிறிதளவு நஞ்சு முன்னரே பழகிவிட்டமையால் உடல் அதனை எளிதில் தாங்கும் என்பதே அக்காலத்தோர் எதிர்பார்ப்பு. ஆனால், சில நொடிகளில் நாய்க்கு மூச்சுத் திணறிற்று. நிற்கவும் இயலாமல் சாய்ந்தது. 25 நிமிடங்களில் இறந்துபட்டது. காக்க வேண்டிய உடலே தனக்குக் கேடு விளைவித்துக்கொண்டது. காப்பிற்கு மாறானது என்னும் கருத்தில் இதற்கு அனபிலாக்சிஸ் என்று அவர்கள் பெயரிட்டு, 1902இல் வெளியிட்டனர். இவ்வாராய்ச்சிக்காக 1913ஆம் ஆண்டில் ரிசேக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

பின்வந்தோர் இதன் காரணத்தைத் தெளிவாக்கினர். 1966ஆம் ஆண்டில் சப்பானியரான இசிசாக்கா இணையர், ஒவ்வாமையை விளைக்கும் தனிவகைப் புரதம் ஒன்றைக் குருதியில் கண்டறிந்தனர். ஒருவரைக் குளவி முதன்முறை கொட்டும்போது, சிலரது உடலில் மட்டும் இப்புரதம் மிகுதியாக உண்டாகி, தோலிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும் உள்ள சில உயிரணுக்களின்மேல் ஒட்டிக்கொள்கின்றது. அவருக்கு அப்போது பெருந்தீங்கு ஒன்றும் தோன்றாது. மறுமுறை குளவி கொட்டியதும் அவ்வுயிரணுக்கள் யாவும் ஒருங்கே வெடித்தாற்போல இசுட்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிடுகின்றன. அதனால் குருதிக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, குருதியழுத்தம் வீழ்கின்றது, மூச்சுக்குழல் சுருங்குகின்றது. “முன்பு கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லையே!” என்று எவரும் அசட்டையாக இருத்தல் ஆகாது என்பது இதனால் விளங்கும்.

ஒவ்வாமையின் அறிகுறிகளை மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. கொட்டிய இடத்தில் மட்டுமன்றி உடல் முழுவதும் தடிப்பும் அரிப்பும் எழும். உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். உதடும் நாக்கும் கண்ணிமையும் வீங்கும். தொண்டை அடைப்பது போலாகிக் குரல் மாறும். மூச்சில் சீழ்க்கை ஒலி கேட்கும். வாந்தியும் வயிற்று வலியும் உண்டாகலாம். தலை சுற்றி, முகம் வெளிறி, நினைவு மங்கும். தோலில் தடிப்பே தோன்றாமல் மயக்கம் மட்டும் வருவதும் உண்டு. மேலைநாடுகளில் எடுத்த கணக்குகளின்படி, நூற்றுக்கு மூவர் வரை இத்தகைய உடல்வாகு உடையவராவர். இங்கிலாந்தில் ஒவ்வாமையால் இறந்தோரைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, கொட்டும் பூச்சிகளின் நஞ்சால் இறந்தோரில் பாதிப் பேருக்கு ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் மூச்சோ நெஞ்சத்துடிப்போ நின்றுவிட்டது எனக் காட்டிற்று. வண்டி தேடி அலைவதற்கும் கைமருந்து அரைப்பதற்கும் அந்நேரம் போதாது.

இக்கேட்டினைத் தடுக்கும் மருந்து அட்ரினலின் ஆகும். சப்பானிய வேதியியலறிஞர் தகாமினே 1901ஆம் ஆண்டில் அதனைத் தூய வடிவில் பிரித்தெடுத்து உலகிற்கு அறிவித்தார். ஒவ்வாமை இன்னதென்று இருவர் ஆராயத் தொடங்கிய அதே ஆண்டில், அதற்குரிய மருந்தும் வேறொரு நாட்டில் வெளிப்பட்டது வியத்தற்குரியது. அது தளர்ந்த குருதிக் குழாய்களை இறுக்குகின்றது, சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்கின்றது, வீக்கத்தைத் தணிக்கின்றது. தொடையின் நடுப்பகுதியில், வெளிப்புறத் தசையில் ஊசியால் அதனைச் செலுத்துவர். உலக நலவாழ்வு நிறுவனம் அதனை இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் வைத்திருக்கின்றது. குளவிக் கடியால் முன்னரே துன்புற்றவர் மருத்துவரிடம் சென்று, அம்மருந்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டுமா என்பதையும், அதனைச் செலுத்தும் முறையையும் கேட்டறிதல் வேண்டும். வீட்டாரும் அதனைக் கற்றுக்கொள்ளல் வேண்டும். அரிப்பைத் தணிக்கும் மாத்திரைகள் தோலின் அரிப்பைப் போக்குமேயன்றி வீழும் குருதியழுத்தத்தைத் தூக்கி நிறுத்தமாட்டா. அவற்றை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது பேதைமையாகும்.

ஒவ்வாமை உடையவரைக் குளவி கொட்டிவிட்டால், அருகிலிருப்பவர் செய்யத்தக்கவை சிலவே. முதலில், மேலும் கொட்டுப்படாதபடி அவரைக் கூட்டினின்றும் அப்புறப்படுத்தல் வேண்டும். மருந்து கையில் இருப்பின், மருத்துவர் கற்பித்தவாறு உடனே செலுத்துதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணில் அவசர ஊர்தி இயங்கிவருகின்றது. அந்த எண்ணுக்குப் பேசி, “குளவி கொட்டி மூச்சுத் திணறுகிறது” என்று தெளிவாகச் சொல்லி, இடத்தையும் அடையாளத்தையும் கூறுதல் வேண்டும். நோயாளியை மல்லாந்து படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுத் திணறல் மிகுதியாயின் கால்களை நீட்டி அமரச் செய்யலாம். வாந்தியெடுத்தாலோ நினைவு இழந்தாலோ ஒருக்களித்துப் படுக்கவைத்தல் நலம். அவரைத் திடீரென எழுப்பி நிறுத்துவதும், நடத்திச் செல்வதும் கூடா. வீழ்ந்திருக்கும் குருதியழுத்தம் அதனால் மேலும் வீழ்ந்து உயிர் பிரிதலும் உண்டு. நலமடைந்தது போலத் தோன்றினாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருத்தல் வேண்டும். தணிந்த ஒவ்வாமை மீண்டும் தலைதூக்குவதுண்டு.

குளவி கொட்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவுவதும், வெங்காயத்தை அறுத்துத் தேய்ப்பதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சிற்றூர்களிலும் நகரங்களிலும் காணப்படும் வழக்கங்களாகும். சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் தோலைப் புண்ணாக்கக்கூடியவை. இயல்பான வீக்கத்திற்குச் சோப்பு நீரால் கழுவிக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுவதே போதும். ஒவ்வாமை உடையவர்க்கோ, தோலின்மேல் பூசும் எப்பொருளும் உள்ளே நிகழும் கேட்டைத் தடுக்காது. கைமருத்துவத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் திரும்பப் பெறமுடியாத நிமிடமாகும்.

இனி, குளவி வீட்டினுள் நுழைந்துவிட்டால் செய்யத்தக்கது யாது எனப் பார்ப்போம். வழிதவறி வந்த ஒற்றைக் குளவிக்கு அவ்வீட்டாரிடம் பகையில்லை. அது வெளியேற வழி தேடியே சுவரிலும் சன்னலிலும் முட்டுகின்றது. அதனைக் கண்டதும் துடைப்பத்தை ஓங்குவதும், துண்டை வீசுவதும், கூச்சலிட்டு ஓடுவதும் அதனை வெகுளச் செய்யும். ஒவ்வாமை உடையவர் முகத்தைக் கையால் மறைத்து, விரைந்து வீசாமல், மெல்ல அவ்வறையைவிட்டு வெளியேறிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். மற்றொருவர் விளக்கை அணைத்து, வெளிச்சம் வரும் பக்கத்துச் சன்னலைத் திறந்துவைத்தால், பெரும்பாலும் அது ஒளியை நாடித் தானே பறந்துவிடும். இரவில் தெருவிளக்கின் ஒளி தெரியும் பக்கத்தைத் திறக்கலாம். குளவி போய்விட்டது என்பதைக் கண்ணால் கண்டபிறகே ஒவ்வாமை உடையவர் அறைக்குள் செல்லல் வேண்டும். படுக்கையையும் உடையையும் உதறிப் பார்த்து எடுப்பது நல்ல பழக்கம்.

வந்தபின் விரட்டுவதினும் வாராமல் காப்பது சிறந்தது. சன்னல்களுக்கும் காற்றுத் துளைகளுக்கும் நுண்ணிய கம்பிவலை அடித்தல் வேண்டும். ஓட்டு வீடாயின், ஓடுகளின் இடுக்கையும் உத்தரத்தின் சந்தையும் அவ்வப்போது பார்த்து அடைத்தல் வேண்டும். கனிந்த பழமும் வெல்லப்பாகும் இறைச்சிக் கழிவும் குளவிகளை ஈர்ப்பன. ஆதலின் அவற்றை மூடிவைத்தல் வேண்டும். குப்பைத் தொட்டிக்கு மூடி வேண்டும். இனிய பானத்தைக் குவளையில் திறந்துவைத்துப் பார்க்காமல் குடிப்பதும் கேடு; உள்ளே விழுந்திருக்கும் குளவி தொண்டையில் கொட்டினால், ஒவ்வாமை இல்லாதவர்க்கும் மூச்சடைக்கும். தோட்டத்தில் வேலை செய்வோரும் மலைவழி நடப்போரும் புதர்களில் கைகால் நுழைக்குமுன் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஓரிடத்திலிருந்தே குளவிகள் மீண்டும் மீண்டும் வந்துபோவதைக் கண்டால், அருகே கூடு உள்ளதென்று உணர்ந்து திரும்பிவிடுவது அறிவு. மலைவலம் வரும் அன்பர்களும் இதனை நினைவிற்கொள்வது நன்று.

வீட்டிலேயே பெருங்குளவி கூடு கட்டியிருந்தால், அதனை வீட்டார் தாமே அகற்ற முற்படுதல் கூடாது. கல்லெறிவதும் கழியால் தட்டுவதும் கூட்டம் முழுவதையும் தெருவின்மேல் ஏவுவதாகும். எண்ணெய் ஊற்றித் தீ வைப்பதோ வீட்டையே எரித்துவிடும். தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையினர் இப்பணியையும் செய்கின்றனர். 101 என்னும் எண்ணில் அவர்களை அழைக்கலாம். அவர்கள் தக்க கருவியோடும் காப்புடையோடும் வந்து கூட்டை அகற்றுவர். அவ்வேளையில் ஒவ்வாமை உடையவர் அவ்வீட்டில் இராமல் வேறிடம் செல்லுதல் வேண்டும். அண்டை வீட்டாரும் கதவு சன்னல்களை மூடிக்கொள்ளல் வேண்டும். ஆளரவமற்ற காட்டில், உயர்ந்த மரத்தில் இருக்கும் கூடு எவர்க்கும் இடையூறன்று. அதனை அங்கேயே விட்டுவிடுதல் தகும்.

ஒவ்வாமையைத் தணிக்கும் நெடுநாள் சிகிச்சை ஒன்றும் உண்டு. பூச்சியின் உடல் முழுவதையும் அரைத்தெடுத்த சாற்றைச் சிறிது சிறிதாக ஊசியால் செலுத்தினால் ஒவ்வாமை நீங்கும் என்று மருத்துவர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் அந்நம்பிக்கையைச் சோதித்தனர். ஒரு பிரிவினர்க்குத் தூய நஞ்சையும், ஒரு பிரிவினர்க்குப் பூச்சிச் சாற்றையும், மற்றொரு பிரிவினர்க்கு மருந்தற்ற நீர்மத்தையும் அளித்தனர். பின்னர், மருத்துவமனையிலேயே தக்க காவலோடு பூச்சியைக் கொட்டவைத்தனர். மருந்தற்ற நீர்மம் பெற்ற 12 பேரில் எழுவர்க்கு ஒவ்வாமை தோன்றிற்று. பூச்சிச் சாறு பெற்ற 11 பேரிலும் எழுவர்க்குத் தோன்றிற்று. தூய நஞ்சு பெற்ற 18 பேரில் ஒருவர்க்கே தோன்றிற்று. பல்லாண்டு வழங்கிய சாறு வெறும் நீர்மத்தினும் மேலானதன்று என்பது அன்று வெளிப்பட்டது. நஞ்சையே மிகச் சிறிய அளவில் தொடங்கி, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை அளித்து உடலைப் பழக்கும் முறை அதன்பின் நிலைபெற்றது. இச்சிகிச்சை எல்லா ஊர்களிலும் கிடைப்பதன்று. ஒவ்வாமை மருத்துவ வல்லுநரின் மேற்பார்வையிலன்றி இதனை மேற்கொள்ளுதலும் கூடாது.

ஒவ்வாமை உடையவர் தம் குறையை மறைத்தல் ஆகாது. கண்பார்வை குறைந்தவர் கண்ணாடி அணிவதற்கு நாணுவதுண்டோ? அதுபோலவே இதனையும் கருதுதல் வேண்டும். மாணவர் ஒருவருக்கு இவ்வுடல்வாகு இருப்பின், வகுப்பாசிரியரும் உடன் பயிலும் தோழரும் அதனை அறிந்திருத்தல் வேண்டும். பெயரும் ஒவ்வாமையும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் எழுதிய சிறு சீட்டு அவர் பையில் இருத்தல் நலம். அவரை எள்ளி நகையாடுவதும், குளவி வந்தது என்று பொய்யாக அச்சுறுத்துவதும் கொடுமையாகும். பள்ளி வளாகத்து மரங்களையும் கூரையையும் நோக்கி, கூடு தென்பட்டால் ஆசிரியரிடம் உடனே கூறுவது ஒவ்வொரு மாணவரின் கடமையுமாகும்.

குளவிக்கும் ஒரு வீடு உண்டு. அதனைக் காக்கும் கடமையை அது ஒருபோதும் மறப்பதில்லை. மனிதர்க்கும் வீடு உண்டு. ஆனால் அவருடைய கடமை தம் வீட்டோடு முடிந்துவிடுவதன்று. பிற உயிரின் உறைவிடத்தை வீணே குலையாதிருத்தல் அருள். தம் வீட்டின் இடுக்குகளை அடைத்துவைத்தல் அறிவு. நஞ்சு தாங்காத உடலினர் ஒருவர் தம்மோடு வாழ்கின்றார் என்பதை உணர்ந்து, அவருக்கு வேண்டிய மருந்தையும் செய்யத்தக்க உதவியையும் முன்கூட்டியே கற்றுவைத்தல் அன்பு. அருளும் அறிவும் அன்பும் ஒருங்கே அமைந்த வீட்டில் குளவி நுழையலாம். ஆயின் அச்சம் நுழையாது.